பெயிண்டர் வீட்டுக்கு ஒரு பெயிண்டர்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாக வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர். அவருடைய வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, நான் வேறொரு பெயிண்டரைக் கூப்பிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் நாத்தனார் போனில் கால் மணி நேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அண்ணன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்னு சொன்னார்" என்றேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நான் மறைப்பதில்லை. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை யார் முதலில், யார் அப்புறம் என்று பிரித்து உள்ளே அனுப்புவது என் வேலை. ஐயோ அம்மா என்று கத்துகிறவனுக்கு ஈறில் சின்னக் கீறல்தான் இருக்கும். "லேசாதான் வலிக்குது, பரவாயில்லை" என்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேர் வரைக்கும் சொத்தை இருக்கும். பதினோரு வருஷத்தில் இதை நான் கற்றுக்கொண்டேன். வெளியாட்களிடம் பலித்த இந்தக் கணக்கு என் வீட்டுக்குள் பலிக்கவில்லை.

தொழிலில் அவருக்குக் "கட்டம்" என்று பேர். கட்டம் மேஸ்திரி என்றால்தான் மற்ற பெயிண்டர்களுக்குத் தெரியும். காரணம் எங்கள் ஹால் சுவர். ஒரு வீட்டுக்காரர் ஷேட் கார்டில் ஒரு நிறத்தின்மேல் விரலை வைத்து இதுதான் வேண்டும் என்று சொன்னால், இவர் உடனே சரி என்று சொல்ல மாட்டார். அந்த நிறத்தை ஒரு சின்ன டப்பாவில் கலந்து வீட்டுக்கு எடுத்துவருவார். எங்கள் ஹாலின் நீளச் சுவரில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் அடிப்பார். கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் உள்ள நிறமானாலும் அதே சுவர்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பார். மத்தியானம் சாப்பிட வரும்போது பார்ப்பார். விளக்குப் போட்ட பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போய், "இது உங்க ரூமுக்கு வேணாம்ங்க, சாயங்காலமானா அழுக்காத் தெரியும்" என்றோ, "தாராளமா அடிக்கலாம்" என்றோ சொல்வார்.

"அட்டையில இருக்கறது போட்டோ. சுவத்துல இருக்கறதுதான் ஆளு" என்பார்.

இப்படிப் பத்தொன்பது வருஷம். எங்கள் ஹால் சுவரில் எத்தனை கட்டங்கள் என்று என் மகள் சின்ன வயதில் எண்ணத் தொடங்கி இருநூற்றுச் சொச்சத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டாள். ஊரில் இருக்கிற வீடெல்லாம் பளிச்சென்று இருக்கும். பெயிண்டர் பெண்டாட்டியின் ஹால் மட்டும் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும். நான் கத்தாத நாள் இல்லை. "அடுத்த மாசம் நம்ம வீட்டை எடுத்துக்கறேன்" என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கை வைத்த சுவர் கெட்டுப்போனது என்று ஒருவர்கூட எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. நான் அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு சுவர் பக்கத்தில்தான். அப்போது நான் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். அங்கே பெயிண்ட் அடிக்க வந்தவர், வந்ததும் சுவரில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து, விரலில் பழைய பூச்சின் மாவு ஒட்டுகிறதா என்று பார்த்தார். மேஜைக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை அதற்கப்புறம்தான் பார்த்தார். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கட்டைவிரல் முதலில் சுவருக்குத்தான் போகும்.

பத்து மாதத்துக்கு முன்னால் விழுந்தார். அதுவும் எதற்காக? ஒரு மாடி வீட்டில் வேலையெல்லாம் முடிந்து, வீட்டுக்கார அம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்திருக்கிறார். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் கோடு ஒரு நகம் அகலத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்த அம்மா கண்ணுக்கு அது தெரியவே இல்லை. "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி ஏணியை மறுபடியும் போட்டு ஏறினார். தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் ஏணி வழுக்கியது. நின்றபடியே விழுந்ததால் இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கிவிட்டன.

ஆபரேஷன், கட்டு, பிறகு நடைப் பயிற்சி. ஆறாவது மாதம் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லா நடக்கலாம். கைத்தடி வெச்சுக்கங்க, பயப்படாம நடங்க. ஏணி மட்டும் வேண்டாம். அதை மறந்துடுங்க."

இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தார். ஹாலில் போட்டிருந்த கட்டிலில் படுத்தார். குளியலறைக்குப் போக எழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஏறத்தான் போகிறேன் என்றும் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரும் சில வாரம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தால், "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். அந்த மனுஷன் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கால் சரியாகிவிட்டது, எழுந்திருக்கத்தான் ஆள் இல்லை. இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அரை நாள் விடுப்பில் வந்தேன். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கேட்டேன். "வக்கீல் வீட்டு மாடி... ரெட்டைப் பிள்ளைங்க வீடு... தையல் கடை... கண் டாக்டர் வீட்டுக் கேட்டு..." ஒவ்வொரு கட்டமாக, அது எந்த வீடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சுவர் இருக்கிறவரை இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், இது போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இவர் கட்டிலில் கிடந்த மாதங்களில் எங்கள் கிளினிக்குக்குப் பெயிண்ட் அடித்தவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், எங்கள் ஊருக்குப் புதுசு. மூக்குக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அண்ணாந்து கூரைக்கு அடிக்கும்போது கண்ணாடி விழுந்துவிடுகிறதாம். நான் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே போனில் பதிந்து வைத்திருந்தேன். பெயிண்டரின் பெண்டாட்டி ஒரு பெயிண்டரை எடைபோடச் சுவரைப் பார்க்க மாட்டாள், தரையைப் பார்ப்பாள். எங்கள் கிளினிக்கில் வேலை முடிந்தபோது தரையில் ஒரு சொட்டு இல்லை. சுவிட்சுகளைச் சுற்றி அடித்து அழுக்காக்காமல், மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு அடித்திருந்தார். ஆள் தேறுவார் என்று அப்போதே நினைத்தேன்.

"ஹாலுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடப் போறேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"உன் இஷ்டம்" என்றார்.

அடுத்த நாள் காலை கண்ணாடிக்காரர் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவர், வாசல் பக்கத்துச் சுவரில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் நீளச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இந்தக் கட்டமெல்லாம் யார் போட்டது?"

நான் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"முன்னாடி குடியிருந்தவங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பத்தொன்பது வருஷமாக நாங்கள்தான் இந்த வீட்டில் இருக்கிறோம்.

"ஏதோ கிறுக்குப் பிடிச்சவங்க போல இருக்கு சார்" என்று கண்ணாடிக்காரர் சிரித்தார்.

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர். "கிறுக்குதான்."

அதோடு விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "ஒரே கோட்டிங்ல முடிச்சிட முடியாதா?" "ரெண்டு நாள்ல ஆகிடுமா?" "பழசைத் தேய்க்காம மேலயே அடிச்சா என்ன?" "என் சகலை வீட்ல வேற ஒருத்தர் இதை ஒரே நாள்ல முடிச்சாரே?" இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வாடிக்கையாளர்கள் கேட்கும் அசட்டுக் கேள்விகள் என்று சொல்லி, குரலை மாற்றி மாற்றி அவர் நடித்துக் காட்ட, நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்த கேள்விகள். கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பதில் சொன்னார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்க் கைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பத்து மாதம் கழித்து என் வீட்டுக்காரரின் குறும்பு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அதனால்தான் அவர் தான் யாரென்று சொல்லாமல் இருப்பதை நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் தேநீரோடு திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரர் கட்டங்களின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் தண்ணி பெயிண்ட்தானே சார்? எண்ணெய் பெயிண்ட் எதுவும் இல்லையே? தூசி படிஞ்சு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எண்ணெய் பெயிண்ட் இருந்தா அடி வரைக்கும் சுரண்டணும், தனியா பிரைமர் போடணும். இல்லேன்னா மேல அடிக்கறது நிக்காது."

"சுவத்துல வேற என்ன அடிப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கக்கூடிய பதில்தான் அது. கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டுச் சுவரை அளக்கப் போனார்.

வேலை மூன்று நாள் நடந்தது. கண்ணாடிக்காரரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம். ஆனால் என் வீட்டுக்காரர் உள்ளே போகவில்லை. அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். நானும் அந்த மூன்று நாள் கிளினிக்குக்குத் தாமதமாகப் போய்ச் சீக்கிரம் வந்தேன்.

கண்ணாடிக்காரருக்குத் தொழிலை விளக்கிச் சொல்வதில் ஒரு ஆசை. "இது ரோலர் சார். பிரஷ்ல அடிச்சா கோடு கோடா தெரியும், இதுல அடிச்சா சீரா வரும்" என்பார். "ஓ, அப்படியா" என்பார் என் வீட்டுக்காரர். "இது உப்புத்தாள் சார், இதை வெச்சுத் தேய்ச்சு மட்டம் பண்ணுவோம்." "அடேயப்பா."

இரண்டாம் நாள் கண்ணாடிக்காரர் ஏணியின்மேல் நின்று கூரை ஓரத்தில் கோடு இழுத்தார். டேப் ஒட்டவில்லை, வெறும் கையும் பிரஷ்ஷும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் ஒரு முழம் போனார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலின்மேல் இருந்த அவருடைய வலது கை, அந்தப் பிரஷ் போகிற திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. பாவம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுவர் முழுக்க ஒரே நிறம். லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, நான் அட்டையில் பார்த்து இரண்டு நிமிஷத்தில் எடுத்தது. ஹால் இரண்டு மடங்கு பெரிசானதுபோல் இருந்தது. கண்ணாடிக்காரர் தரையைத் துடைத்துவிட்டு, சுவிட்சு மூடிகளை மாட்டிவிட்டுப் போனார். கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒன்றுமே இல்லாத சுவரில் அப்படி என்ன பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலை, கிளினிக்குக்குக் கிளம்பும்போது ஜன்னல் வெயில் சுவரில் சாய்வாக விழுந்தது. நடுச்சுவரில் ஒரு இடம் உப்பியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. கிட்டே போய் நகத்தை வைத்தேன். பாலாடை மாதிரி ஒரு கட்டம் அளவுக்கு உரிந்து கையோடு வந்துவிட்டது. அடியில் கறும்பச்சை. எண்ணினேன். பதினோரு இடத்தில் உப்பியிருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நின்ற இடத்திலேயே கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டுக் கிழிகிழியென்று கிழித்தேன். தொழில் தெரியாமல் எதற்கு ஒப்புக்கொண்டாய், ஒரு வாரம்கூட நிற்காத வேலைக்கு எதற்கு மூன்று நாள், எங்கள் டாக்டரிடம் சொல்கிறேன் பார் என்றெல்லாம் சொன்னேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எங்க தப்பாச்சுன்னு தெரியலை மேடம். சாயங்காலம் வந்து பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்தேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஜன்னல் பக்கம் ரெண்டு இருக்கும், பாரு. அதுவும் வரும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்ச் சுவரைத் தடவினேன். இரண்டு இடம் கையில் நெகிழ்ந்தது. கதவுக்கும் கம்பிக்கும் போட்டுப் பார்த்த எண்ணெய் பெயிண்ட் கட்டங்கள். பதிமூன்று. எது எங்கே என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அந்த மனுஷன் கேட்டாரே. இங்கே நின்னு உங்க முகத்தைப் பார்த்துக் கேட்டாரே."

"இல்லைன்னு நான் சொல்லலையே."

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. நான் கத்தினால் பயப்பட மாட்டார், நான் மெதுவாகப் பேசினால்தான் பயப்படுவார்.

"கால் போனதுக்கு நான் ஒரு நாளும் அழலை" என்றேன். "சம்பாத்தியம் நின்னதுக்கு அழலை. நீங்க இப்படியே படுத்திருந்தாலும் பார்த்துக்கலாம்னு இருந்தேன். ஆனா ஒரு சுவர் கெட்டுப்போகப் போகுதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கற ஆளை எனக்குத் தெரியாதுங்க. நான் அந்த ஆளைக் கட்டிக்கலை."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவைச் சாத்தக்கூட இல்லை.

அன்றைக்குக் கிளினிக்கில் நான் செய்ததெல்லாம் கோணல்மாணல். பல் பிடுங்க வந்தவரைச் சுத்தம் செய்கிற நாற்காலிக்கு அனுப்பினேன். மத்தியானம் கண்ணாடிக்காரருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையில் இருப்பார். இல்லை, என் பேரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருப்பார். எடுத்தால்தான் என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் பெயிண்டர், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றா? யாரோ பெற்ற பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, இருபத்துமூன்று வருஷம் கூட இருந்த மனுஷனை இழந்துவிட்டேன் என்று இருந்தது. விழுந்த அன்றுகூட அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கண்ணாடிக்காரரின் வண்டி நின்றது. உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரர் தரையில் ஒரு பலகையைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு தகட்டால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளைத் தூள். அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆறு கட்டங்கள் அடிப்பூச்சு வரைக்கும் சுத்தமாக எடுக்கப்பட்டிருந்தன. எப்போது தொடங்கினார் என்று தெரியவில்லை. நான் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன மத்தியானச் சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது. கண்ணாடிக்காரர் கையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"நீங்க எதுக்கு சார் இதெல்லாம்? நான்தான் வந்து பார்க்கறேன்னு சொன்னேனே. கொடுங்க சார் தகட்டை..." என்று குனிந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தகட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டைச் சுவரோடு படுக்கவைத்து, அதன் முதுகில் கட்டைவிரலை அழுத்தி, கீறல் விழாமல் தள்ளுகிற பிடி. அது வீட்டுக்காரர்களுக்கு வருகிற பிடி இல்லை.

"சார், நீங்க தொழில்காரரா?"

"இருபத்தாறு வருஷம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப இந்தக் கட்டமெல்லாம்..."

"நான் போட்டதுதான். மொத்தம் பதிமூணு எண்ணெய் பெயிண்ட். எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நீங்க கேட்டப்ப, தெரிஞ்சேதான் சொல்லலை."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அது கயிற்றில் தொங்கியது. நியாயமாக அவர் ஹெல்மெட்டைத் தரையில் வீசியிருக்க வேண்டும். நானாக இருந்தால் வீசியிருப்பேன்.

"காலைல இவங்க போன்ல என்னென்ன சொன்னாங்க தெரியுமா? எங்கே தப்புப் பண்ணேன்னு நினைச்சுக்கிட்டே இன்னொரு வீட்ல ஒரே ஜன்னலை ரெண்டு தடவை அடிச்சிட்டு வந்திருக்கேன்." ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். "ஏன் மேஸ்திரி? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அதுவரை சார் என்று கூப்பிட்டவர், கோபத்தில்தான் மேஸ்திரி என்றார்.

என் வீட்டுக்காரர் தகட்டைக் கீழே வைத்தார். "நீங்க ஒண்ணும் பண்ணலை. அன்னைக்கு வாசல்ல நின்னு சுவத்துல கட்டைவிரலை வெச்சுத் தேய்ச்சீங்க. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, தொழில் தெரிஞ்ச ஆளு, தப்புப் பண்ண மாட்டார்னு. என்னால அதைத் தாங்கிக்க முடியலை. என் வீட்டுல, என் சுவத்துல, நான் படுத்திருக்க, இன்னொருத்தர் வந்து நல்லா அடிச்சிட்டுப் போயிட்டா, அப்புறம் நான் எதுக்கு? ஒரு தப்பாவது பண்ணட்டும்னு நினைச்சேன். மூணு நாளும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. மேல் கோடு நான் இழுக்கறதைவிட நல்லா இழுத்தீங்க." தலையைக் குனிந்துகொண்டார். "பண்ணக்கூடாததைப் பண்ணிட்டேன் தம்பி. என்னை மன்னிச்சிடுங்க."

"நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தம்பி" என்றேன். "தப்பு எங்களோடது."

கண்ணாடிக்காரர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுரண்டி எடுத்த ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்து ஓரத்தைத் தடவினார். "நல்லா எடுத்திருக்கீங்க" என்றார், மனசில்லாமல்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "பென்சில் எடு" என்றார்.

கொடுத்தேன். கைத்தடியை ஊன்றி எழுந்தார். கண்ணாடிக்காரர் பிடிக்கப் போனார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு பாதமும் தரையில் பதிய, வலது கையை எட்டுகிறவரை தூக்கினார். அங்கே பென்சிலை வைத்தார். வைத்தபடியே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தார். இன்னொரு அடி. இடது உள்ளங்கை சுவரில், குதிகால் பதியும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பதினாறு அடிச் சுவர். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கோடு அந்த முனையில் போய் முடிந்தது. எங்கேயும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இது வரைக்கும் நான்" என்றார், கோட்டைக் காட்டி. "இதுக்கு மேல நீங்கதான் பார்த்துக்கணும் தம்பி. நான் இனிமே ஏற முடியாது."

மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நான் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கேட்டதும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விழுந்த அன்று அழவேண்டிய அழுகை அது.

திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "கோட்டுக்கு மேல ஏழு வருது. நாளைக்கு ஏணி எடுத்துக்கிட்டு வரேன் மேஸ்திரி" என்றார். இந்த முறை மேஸ்திரி என்றதில் கோபம் இல்லை.

"எதுக்கு நாளைக்கு? பின்கட்டுல என் ஏணி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்களே வெச்சுக்கங்க."

நானும் கண்ணாடிக்காரருமாகப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் படியில் காலை வைத்துத் தயங்கினார். என் வீட்டுக்காரர் கிட்டே வந்து, தரையில் பிளாஸ்டிக் தாள் எதுவும் இல்லையே என்று குனிந்து பார்த்துவிட்டு, ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சிருக்கேன்" என்றார். "ஏறுங்க."